லவோனும் இடப்பக்கமே திரும்பிய நாற்காலியும்

சீட்டுக்கட்டை ஒரு கையாலேயே கலைத்துவிடுவாள். இன்னொரு கை தொலைபேசியின் ஸ்பீக்கர் பொத்தான் பக்கத்தில் தயாராகக் கிடக்கும். அதிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனியின் காத்திருப்புப் பாட்டு வழிந்துகொண்டிருக்கும். யாரோ தூக்கத்தில் பியானோவைத் தடவுகிற மாதிரி ஒரு பாட்டு. லவோன் பெர்கோ அதற்கு இரண்டாம் குரல் பாடிக்கொண்டே எனக்குச் சீட்டுப் போடுவாள். எங்களுக்கு நடுவில் வரிசை வரிசையாக ஓட்டை துளைத்த மரப்பலகை. எடுத்த புள்ளிக்குத் தக்கபடி குச்சியை முன்னால் நகர்த்திச் செருக வேண்டும். இவள் எப்போதும் ஓர் ஓட்டை கூடுதலாக நகர்த்துவாள். கேட்டால், "காத்திருக்கேன்ல, அதுக்கு வட்டி" என்பாள்.

கடைசியில் பாட்டு நின்று ஒரு பெண் குரல் வரும். "காத்திருந்ததற்கு நன்றி. நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

அந்த நேரம் பார்த்து லவோன் கையில் நல்ல சீட்டு இருக்கும்.

"கண்ணு, அப்படியே லைன்ல இரு. நான் இங்க ஒரு முக்கியமான வேலையில இருக்கேன்."

மேசை இழுப்பறையைத் திறந்து பழைய டேப் ரெக்கார்டரை எடுத்துத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்து அமுக்குவாள். அக்கார்டியனில் போல்கா என்கிற குதியாட்டப் பாட்டு கிளம்பும். அவளுடைய மாமா யாரோ ஒரு கல்யாணத்தில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு வாசித்தது. நடுவில் ஒரு பெஞ்சு உடைகிற சத்தமும் ஒரு பெண்பிள்ளை திட்டுகிற சத்தமும் தெளிவாகக் கேட்கும். கையிலிருக்கும் ஆட்டம் முடிகிறவரை இன்சூரன்ஸ்காரி அதைக் கேட்டாக வேண்டும்.

"அவங்க நம்மள காக்க வெக்கலாம், நாம அவங்கள காக்க வெக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு?"

வேடிக்கை என்னவென்றால், இப்போது அந்தப் பக்கத்தில் இருக்கும் பெண்கள் சிலருக்கு இந்தப் பாட்டு பிடித்துப்போய்விட்டது. ஒருத்தி, "பெஞ்சு உடையற இடம் வரட்டும், அப்புறம் பேசலாம்" என்றாளாம்.

அமெரிக்காவின் வடக்கே, பெரிய ஏரிக்கரையில், டுலூத் துறைமுகத்துக்கு மேலே மேட்டில் இருக்கிறது எங்கள் கடை. சக்கர நாற்காலி பழுது பார்க்கிற கடை. நான் ஸ்பேனர் பிடிக்கிறவன், அவள் பில் போடுகிறவள். செத்துப்போன மோட்டாரைக் கழற்றிப் புதுசு மாட்ட எனக்கு ஒரு மத்தியானம் போதும். மாட்டலாம் என்கிற ஒரு வார்த்தையை இன்சூரன்ஸின் வாயிலிருந்து வரவழைப்பதற்குள் அவளுக்குப் பருவமே மாறிவிடும். இலை பச்சையாக இருக்கும்போது கேட்ட பேட்டரிக்கு ஏரி உறைந்த பிறகு பதில் வரும். பதிலும், 'இன்னொரு தடவை கேளுங்கள்' என்பதாக இருக்கும். அனுமதி வராமல் மாட்டினால் கடைக்கு ஒன்றும் வராது. முதலாளி என்னைக் கழற்றி வெளியே வைத்துவிடுவார்.

லவோன் குள்ளம், அகலம். கோடையிலும் கட்டம் போட்ட ஆம்பிளைக் கம்பளிச் சட்டைதான். கண்ணாடியை ஷூ கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். வடக்கே இரும்புச் சுரங்க ஊர்க்காரி. அந்த ஊர் ஜனங்களுக்கு மனசில் வந்தது மறு நிமிஷம் வாயில் வந்தாக வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் நார்வே வம்சம். நானும் அதில்தான். வீடு பற்றி எரிந்தாலும், "இன்னைக்கு கொஞ்சம் கதகதன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் வெளியே வந்து நிற்கிற ஜாதி நாங்கள். கை ஒடிந்தவனைக் கேட்டால், "இன்னொரு கை இருக்கே" என்பான்.

"உங்க ஆளுங்கள வெச்சுக்கிட்டு நான் எப்படிடா பில் போடுறது?" என்று என்னிடம் கத்துவாள். "எங்க ஊர்ல நகம் பேந்தாலே தெருவக் கூட்டிடுவாங்க. அந்த மாதிரி நாலு பேரக் கொடு, நான் இன்சூரன்ஸ் கம்பெனியையே எழுதி வாங்கிடுவேன்."

எங்கள் காபியும் அவளுக்கு ஆகாது. அவள் வீட்டுக் காபியில் தண்டவாள ஆணியை நிறுத்தினால் நிற்கும். எங்கள் காபியில் கோப்பையின் அடியில் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரைப் படிக்கலாம். "பாத்திரம் கழுவின தண்ணி" என்பாள். வாடிக்கையாளர் வீட்டில் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பினதும் ஜன்னல் தொட்டியில் ஊற்றிவிடுவாள். அவள் வந்துபோன வீடுகளில் ஜெரேனியம் செடி வாடியிருந்தால் ஏன் என்று எனக்குத் தெரியும்.

பொய் மட்டும் சொல்ல மாட்டாள். பொய் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் முன்னால் முழங்கால் போட வேண்டும், அவளுக்கோ முழங்கால் வலி. அதனால் உண்மையையே கொஞ்சம் திருப்பி, வெளிச்சம் படுகிற பக்கமாக நிறுத்திவைப்பாள். இன்சூரன்ஸின் கணக்குப்படி சக்கர நாற்காலி வீட்டுக்குள் நடமாடத்தான். கோயிலுக்கோ கடைக்கோ அதில் போனேன் என்று வாய்தவறிச் சொன்னால் தீர்ந்தது. வாரம் தவறாமல் பிங்கோ ஆடப் போகிற அம்மா ஒருத்தியின் டயர் வழுக்கை விழுந்து வந்தது. வீட்டுக்குள்ளேயே ஓட்டினால் டயர் எப்படி இந்த அளவு தேயும் என்று கேட்டார்கள்.

"அந்த வீட்டு ஹால் நல்ல நீளம்மா" என்றாள் லவோன். "ஒரு கோடியில அவங்க புருஷன் உக்காந்திருப்பாரு. அந்தம்மா எந்நேரமும் இன்னொரு கோடிக்குப் போயிட்டே இருக்கும்."

டயர் வந்துவிட்டது. "பொய்யில்லையே?" என்று நான் கேட்டதற்கு, "அந்த ஆளோட நீ ஒரு நாள் இருந்து பாரு, உன் பூட்ஸும் தேயும்" என்றாள்.

அப்பேர்ப்பட்டவளை முட்டுச்சந்தில் நிறுத்தியவர் ஹார்லன் நெஸ்.

ஹார்லன் ஏரிக் கப்பலில் இன்ஜின் அறையில் இருந்தவர். மான் வேட்டைக்கு மரத்தில் கட்டியிருந்த பரணிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. சூடு, குளிர், வலி, ஒன்றும் தெரியாது. ஊர் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் வீடு. மனைவி தவறிவிட்டாள். பிர்கர் என்று ஒரு நாய். போன இலையுதிர் காலத்தில் அவருடைய மோட்டார் நாற்காலி கிறுக்குப் பிடித்து இடப்பக்கமே திரும்ப ஆரம்பித்தது. நான் போய்ப் பார்த்தேன். இடது மோட்டார் பாதி செத்திருந்தது. ஓட்டுகிற குச்சியை முன்னால் தள்ளினால் இடப்பக்கமாக வளைந்துகொண்டே போகும். பின்னால் இழுத்தால் அப்படியே உட்கார்ந்துவிடும்.

மினியாபோலிஸில் இருக்கும் அவர் மகள் கடைக்குப் போன் செய்து லவோனிடம் பேசினாள். கெட்ட பெண் இல்லை, பயந்த பெண். "பனி விழறதுக்குள்ள நாற்காலி சரியாகலைன்னா அப்பாவ முதியோர் ஹோம்ல சேர்த்துடப் போறேன்மா. இடம் பார்த்து வெச்சாச்சு. மனுஷன் தனியா சிக்கிக்கிட்டா யாரு பாக்கறது?"

"நாய்?"

"நாய அங்க விட மாட்டாங்க."

லவோன் உடனே மோட்டாருக்கு அனுமதி கேட்டாள். வழக்கமாக நாலு சண்டையில் முடிகிற விஷயம். ஆனால் மறுப்பு வந்தது. அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சத்தமாகப் படித்தாள்.

"'எமது செவிலியர் தொலைபேசியில் விசாரித்தபோது, தாம் நலமாக இருப்பதாகவும், நாற்காலி தம்மைக் கொண்டுசேர்ப்பதாகவும் பயனாளி தெரிவித்தார். எனவே பழுதுபார்ப்புத் தேவையற்றது.'" காகிதத்தை மேசையில் அறைந்தாள். அதே கையோடு ஹார்லனுக்குப் போன் போட்டாள்.

"யோவ் ஹார்லன், அந்த நர்ஸு உங்கள என்ன கேட்டா?"

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்கம்மா. தங்கமான பொண்ணு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"குறை ஒண்ணுமில்லன்னேன்."

"நாற்காலி எப்படி ஓடுதுன்னு கேட்டாளா?"

"கேட்டாங்க. கொண்டுபோய்ச் சேர்த்துடுதுன்னேன்."

"எங்கய்யா சேர்க்குது?"

"எங்கயாவது" என்றார் ஹார்லன்.

மேல்முறையீடு போட்டாள். தேதி கொடுத்தார்கள். போனிலேயே விசாரணை, அதிகாரி ஒருத்தர் கேட்பார், பயனாளிதான் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். லவோன் கடைசியில் கொஞ்சம் பேசலாம், நடுவில் வாயைத் திறக்கக் கூடாது. இது தோற்றால் அடுத்த படி ஏறுவதற்குள் பனி வந்து போய்விடும்.

"வண்டிய எடுடா க்ளிஃப்" என்றாள் என்னிடம். "அந்த ஆளுக்குக் குறை சொல்லக் கத்துக் கொடுத்துட்டு வரலாம்."

போனோம். சமையலறைத் தரையில் கறுப்புக் கறுப்பாக வளைந்த டயர்க் கோடுகள், எல்லாம் ஒரே பக்கமாக. நாய் நாற்காலிக்கு வலப்பக்கத்தில் சாவகாசமாகப் படுத்திருந்தது. இடப்பக்கம் படுத்து வாலைக் கொடுத்த அனுபவம் அதற்கு இருந்தது. ஹார்லன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, தலையை வாரி, விருந்தாளிக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். வானிலை பற்றிப் பேசினார். என் வேன் எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று விசாரித்தார்.

லவோன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நான்தான் அதிகாரி. எங்க, சொல்லுங்க. நாற்காலி எப்படி இருக்கு?"

"மோசமில்ல."

"'ஓடல'ன்னு சொல்லுங்க."

"ஓடுதேம்மா. கொஞ்சம் இடப்பக்கம் ஆசை அதிகம், அவ்ளோதான்."

"கக்கூஸ் வலப்பக்கம் இருக்கே. எப்படிப் போறீங்க?"

"சுத்து வழியாப் போறேன். ஹாலுக்குப் போயி, மேசைய ஒரு சுத்து சுத்தி, திரும்பி வந்தா நேரா கதவுதான்." அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. "கப்பல்ல இருந்தவனுக்கு இது ஒரு தூரமா?"

"கதவுல மாட்டிக்கிட்டா?"

"இதைவிட மோசமா மாட்டினவங்களும் இருக்காங்க."

லவோன் தலையில் கைவைத்துக்கொண்டாள். அரைமணி நேரம் பாடம் நடந்தது. 'என்னால் முடியவில்லை' என்கிற வார்த்தையைச் சொல்லவைக்க எப்படியெப்படியோ பார்த்தாள். கெஞ்சினாள், மிரட்டினாள், நாயை வைத்துச் சத்தியம் வாங்கப் பார்த்தாள். ஹார்லன் முகம் சிவந்து, காது சிவந்து, "அது எப்படிம்மா... ஊரு பேரு தெரியாத மனுஷர்கிட்ட போயி..." என்று தரையைப் பார்த்தார்.

எனக்குப் பாவமாகிவிட்டது. பேச்சை மாற்றலாம் என்று, "உங்க நாய் நல்ல அடக்கமான நாய், ஹார்லன்" என்றேன்.

"இதுவா?" அவர் உடனே நிமிர்ந்தார். "சுத்த மண்டு. தன் நிழலப் பாத்துக் குரைக்கும். போன மாசம் முள்ளம்பன்றிகிட்ட முத்தம் கேட்கப் போச்சு."

லவோன் தலையிலிருந்து கையை எடுத்தாள். அவரை ஒரு தினுசாகப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் தாடையை நீட்டி, "திரைச்சீலை அழகா இருக்கே" என்றாள்.

"எங்கம்மா அழகு? கீழ்ப்பக்கம் பூரா எலி தின்னுடுச்சு."

"விறகு அடுக்கியிருக்கறது ஒழுங்கா இருக்கு."

"பக்கத்து வீட்டுப் பையன் அடுக்கினது. அதுவும் சாயுது பாருங்க."

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. பாடம் முடிந்தது என்று எழுந்துவிட்டாள். வேனில் ஏறிப் பாதித் தூரம் வரை பேச்சே இல்லை. லவோன் பேசாமல் வந்தால் வண்டியில் ஏதோ கழன்றுவிட்ட மாதிரி எனக்குக் கலவரமாக இருக்கும்.

"என்னம்மா?"

"காபி வேணுமான்னு கேக்கலடா அவரு" என்றாள்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. எங்கள் பக்கத்தில் வாசல் மிதித்தவனிடம் காபி வேண்டுமா என்று கேட்காத வீடு கிடையாது. வரி கேட்க வந்தவனுக்கும் காபி உண்டு. ஒரு தடவை கேட்பார்கள், வேண்டாம் என்போம். இரண்டாம் தடவை, சிரமம் வேண்டாம் என்போம். மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வோம். ஹார்லன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விசாரணை நாளன்று லவோன் சீட்டுக்கட்டை எடுக்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டாள். ஹார்லன் அவர் வீட்டிலிருந்து லைனில் வந்தார். அதிகாரி தெற்கே வெயில் ஊரிலிருந்து பேசினார். மரியாதையான குரல், அவசரமான குரல். எல்லாம் பதிவாகிறது என்றார்.

"மிஸ்டர் நெஸ், எப்படி இருக்கீங்க?"

"மோசமில்ல சார். நீங்க எப்படி இருக்கீங்க?"

லவோன் ஆட்டப்பலகையின் குச்சி ஒன்றை எடுத்துப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்குள்ள நடமாட முடியுதா?"

"ஏதோ ஓடுது சார்."

"நர்ஸ்கிட்ட நீங்க சொன்னது உண்மைதானா?"

"அந்தப் பொண்ணு நல்லாப் பேசினாங்க சார். அவங்க மேல தப்பில்ல."

"உங்களுக்குக் குறை ஏதாவது...?"

"இல்லீங்க."

காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. எனக்கு ஹார்லன் மகளின் குரல் காதில் வந்தது, இடம் பார்த்து வெச்சாச்சு என்று. அதிகாரி, "சரி, மிஸ் பெர்கோ, நீங்க சுருக்கமா முடிச்சுக்கலாம்" என்றார், கதவைச் சாத்துகிறவர் மாதிரி.

லவோன் குச்சியைத் துப்பினாள்.

"சார், நான் ஹார்லனப் பத்தி ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிட்டு முடிச்சிடறேன். நாற்காலி ஓட்டறதுல அவர மாதிரி இந்த ஜில்லாவுலயே ஆள் கிடையாது. கப்பல்ல இருந்தவரு. கைக்கு அவ்ளோ நிதானம்."

"அம்மா," என்றார் அதிகாரி, "நீங்க யாரு பக்கம் பேசறீங்க?"

ஆனால் அதற்குள் ஹார்லன் பதறிவிட்டார். "ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா! நிதானமாவது ஒண்ணாவது. காலையிலதான் படுக்கையறைக் கதவு நிலைய இடிச்சுப் பேத்துட்டேன். முந்தாநேத்தும் அதே நிலைதான்."

"அடக்கமா பேசறாரு சார். தனி ஆளா இருந்து, ஒருத்தர் தயவு வேணாம்னு வாழற மனுஷன்."

"யாரு, நானா? தபால்காரர்தான் சார் தெனமும் என்னக் காப்பாத்தறாரு. செவ்வாக்கிழமை கக்கூஸுக்குள்ள திரும்ப முடியாம செருகிக்கிட்டேன். மத்தியானம் அவரு வந்து கடுதாசிப் பைய இறக்கி வெச்சிட்டு என்ன வெளிய இழுத்துப்போட்டாரு. அவருக்கு நான் ஒரு கூடுதல் வேலை சார். என்னப் போயி..."

"மிஸ்டர் நெஸ்," என்று அதிகாரி ஆரம்பித்தார். காகிதச் சத்தம் நின்றிருந்தது. "எவ்ளோ நேரம் செருகியிருந்தீங்க?"

"காலையிலேந்துதான் சார். ரொம்ப நேரமில்ல."

லவோன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவள் முகத்தில் நல்ல சீட்டு வந்த களை. முழங்கையை மேசையில் ஊன்றி, தொலைபேசிக்குப் பக்கத்தில் குனிந்து, கடைசிச் சீட்டை இறக்கினாள்.

"அதெல்லாம் விடுங்க சார். ஹார்லன் வீட்டுக் காபிக்கு ஊர்ல நல்ல பேரு. வாசல் மிதிச்சவங்க யாரும் குடிக்காமப் போனதில்லன்னு சொல்லுவாங்க."

இந்தப் புகழ்ச்சிக்கு அவர் உடனே பாயவில்லை. லவோன் புருவத்தைத் தூக்கினாள். கொஞ்சம் கழித்து ஹார்லன் மெதுவாக, வெட்கப்பட்டவர் மாதிரி சொன்னார்.

"அன்னைக்கு உங்களுக்கு நான் குடுக்கலியேம்மா. நீங்களும் க்ளிஃபும் அவ்ளோ தூரம் வந்தீங்க."

"அதனால என்ன, ஹார்லன்."

"இல்ல, தப்புதான். வீட்ல காபித்தூள் இருந்துச்சு. இலை பழுக்க ஆரம்பிச்சதுலேந்தே நான் அடுப்புகிட்டப் போறதில்ல. ஒரு நாள் சுடுதண்ணிக் கெட்டில மடியில வெச்சுக்கிட்டுத் திரும்பினேன். நாற்காலி அதும்பாட்டுக்கு இடப்பக்கம் ஒரு சுத்து சுத்திடுச்சு. கொஞ்சம் கொட்டிடுச்சு."

"எங்க கொட்டுச்சு, மிஸ்டர் நெஸ்?" என்றார் அதிகாரி.

"தொடையிலதான் சார். தொடச்சிக்கிட்டு வேலையப் பாத்தேன். சாயங்காலம் பேண்ட்டக் கழட்டும்போதுதான் தோலும் கூடவே வந்தது தெரிஞ்சுது."

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"வலிக்கலியே சார். அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியாது. வலிக்காதப்போ குறை சொல்றதுக்கு என்ன இருக்கு?" பிறகு கவலையாக, "இது பதிவாகுதுன்னீங்களே, எம்பொண்ணுக்குப் போயிடாதே? பயந்துடுவா" என்றார்.

லவோன் முகத்திலிருந்த களை போய்விட்டது. காபி போடவில்லை என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும், சுட்டது தெரியாது. பலகையில் செருகி நின்ற தன் இன்னொரு குச்சியைப் பார்த்தாள். கையை நீட்டி அதை ஓர் ஓட்டை பின்னால் வைத்தாள்.

"எங்க தரப்பு அவ்வளவுதான் சார்" என்றாள்.

அந்தப் பதிவு மகளுக்குப் போகாது என்றார் அதிகாரி. முடிவு சீக்கிரம் வரும் என்றார். வைக்கும்போது, "உடம்பப் பாத்துக்கங்க, மிஸ்டர் நெஸ்" என்றார். "நீங்களும் சார்" என்றார் ஹார்லன்.

லைன் கட்டானதும் லவோன் மறுபடி ஹார்லனுக்கே போட்டாள். "யோவ், சட்டையப் போடுங்க. க்ளிஃப் வேன் எடுத்துட்டு வர்றான். டாக்டர்கிட்டப் போறீங்க. பேசாதீங்க. போக மாட்டேன்னு சொன்னீங்க, உங்கள இன்னும் புகழ்வேன்."

அந்த மிரட்டல் போதுமானதாக இருந்தது. கதவைத் திறந்தபோது மனுஷன் தொப்பியும் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். புண் மோசமாகத்தான் இருந்தது. டாக்டர் என்னைத் திட்டினார். ஹார்லனைத் திட்ட அவருக்கு மனசு வரவில்லை போல.

அனுமதி வந்த அன்றைக்கு நாங்கள் ஆட்டத்தில் இருந்தோம். பாட்டு நின்று, போல்கா பிடித்துப்போன பெண்களில் ஒருத்தி லைனில் வந்தாள். "லவோன், ஹார்லன் நெஸ்ஸோட மோட்டார்..." என்று ஆரம்பித்தாள். லவோன் அவளை முடிக்க விட்டாள். அது அபூர்வம். முடித்ததும், "கண்ணு, லைன்ல இரு" என்று டேப்பைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, கடையே அதிரக் கத்தினாள்: "டேய் க்ளிஃப்! சீட்டக் கீழ வெச்சிட்டு மோட்டார எடுடா!"

நான் என் சீட்டைக் கீழே வைத்தேன். திரும்பிவந்து பார்த்தால் என் கையிலிருந்த நல்ல சீட்டைக் காணவில்லை. அது வேறு விஷயம்.

முதல் பனி லேசாகத் தூவிக்கொண்டிருந்தது. லவோனும் வேனில் ஏறிக்கொண்டாள். பில் போடுகிறவளுக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை. நான் தரையில் மல்லாந்து மோட்டாரை மாட்டுகிற நேரமெல்லாம் அவள் மேசைமுன் உட்கார்ந்து, வழியில் மகளுக்குப் போன் செய்து பேசியதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹோமில் இடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்றாம்.

"அவகிட்ட என்னம்மா சொன்னீங்க?" என்று ஹார்லன் பயத்தோடு கேட்டார்.

"உங்கப்பா மாதிரி உண்டான்னு சொன்னேன்."

"ஐயய்யோ."

கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு, "எங்க, ஓட்டுங்க" என்றேன். அவர் ஓட்டுகிற குச்சியை வலப்பக்கம் சாய்த்தார். நாற்காலி வலப்பக்கம் திரும்பியது. வலப்பக்கத்தை நம்பிப் படுத்திருந்த பிர்கர் வீல் என்று கத்திக்கொண்டு மேசைக்கு அடியில் ஓடியது. ஹார்லன் இன்னொரு தடவை வலப்பக்கம் திரும்பினார். அப்புறம் ஒரு காரணமும் இல்லாமல் இன்னொரு தடவை. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "பரவால்ல, ஓடுது" என்றார்.

பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு லவோனிடம், "காபி குடிக்கிறீங்களாம்மா?" என்றார்.

எங்கள் ஊருக்கு வந்து இத்தனை காலத்தில் லவோன் இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்லி நான் கேட்டதில்லை. வேண்டுமென்றால் முதல் வார்த்தைக்கே கையை நீட்டுவாள், வேண்டாமென்றால் மூஞ்சியைச் சுளிப்பாள்.

"வேண்டாம், பரவால்ல" என்றாள்.

"கொஞ்சமாவது."

"உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

"சிரமமே இல்லம்மா. ஒரு நிமிஷத்துல போட்டுடுவேன்."

"அப்படின்னா, சரி" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு, எங்கள் ஊர்ப் பெண்பிள்ளை மாதிரி.

அடுப்பு வலது மூலையில் இருந்தது. அவர் நேராகப் போய்த் திரும்பினார். கெட்டிலில் தண்ணீர் பிடித்தார். மடியில் தட்டை வைத்து, அதன்மேல் கோப்பையை வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் மேசைக்குக் கொண்டுவந்தார். பிறகு எனக்கு எடுக்க மறுபடி அடுப்புக்குப் போனார்.

லவோன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அடியில் இருந்த கம்பெனிப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். அவள் கைக்கெட்டின தூரத்தில், ஜன்னல் ஓரத்தில், கொழுகொழுவென்று ஒரு ஜெரேனியம் தொட்டி. ஹார்லன் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். லவோன் தொட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

பிறகு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, அடிவரைக்கும் குடித்தாள். ஹார்லன் திரும்பி வரும்போது காலிக் கோப்பையை அவருடைய வலப்பக்கமாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இன்னொன்று ஊற்றச் சொல்லி.